தட்டின் அடிப்பக்கம்

அத்தியாயம் 14

ராகேஷ் பொய் சொன்னது நமக்கெல்லாம் தெரியும். இந்த வாரம்தான் முதன்முதலாகப் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு வாருங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்சந்து ஒன்றில் 'லோகநாதன் அண்ட் சன்' என்று ஒரு பட்டறை. வெள்ளைப் பீங்கான் தட்டுகளை வெளியிலிருந்து வாங்கி, மேலே பூ எழுதி, சூளையில் சுட்டு விற்கிற இடம். பூ எழுதுவது லோகநாதனும் இல்லை, சன்னும் இல்லை. மகள் சாமுண்டீஸ்வரி. வயது நாற்பத்து மூன்று. பதினெட்டு வயதில் ஒரு பீங்கான் கம்பெனியின் பெயிண்டிங் பிரிவில் சேர்ந்தவள். நசரத்பேட்டையில் வாழ்க்கைப்பட்டு இரண்டே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாள். பிறகு கம்பெனியும் மூடிக்கொண்டது. அவள் கையை நம்பித்தான் அப்பா இந்தப் பட்டறையையே போட்டார். போர்டில் மட்டும் மகன் ஏறிக்கொண்டான். அப்போது அவன் பிளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பழைய பீங்கான்களுக்கென்றே ஒரு மியூசியம். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து, அமெரிக்கக் கம்பெனிகளில் உட்கார்ந்து ரோஜா ரோஜாவாக எழுதித் தள்ளிய ஆணும் பெண்ணும் அந்த ஊரில் ஏராளம். அவர்களில் ஒருத்தி எழுதிய பன்னிரண்டு தட்டுகளில் நாலு காணாமல் போய்விட்டது. அந்த நாலையும் அதே கையோட்டத்தில் எழுதித் தர ஆள் தேடியவர்கள், சாமுண்டீஸ்வரியின் மாதிரித் தட்டைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்தினார்கள். எழுதியவர் இரண்டு வருஷம் மியூசியத்திலேயே வந்து தங்கி வேலை செய்யலாம் என்று அழைப்பும் வந்தது.

கடிதப் போக்குவரத்து முழுக்க ராகேஷ். 'தன் கையால் எழுதியவர்' என்ற கட்டத்தில் அவன் தன் பெயரைப் போட்டான். 'மேற்சொன்னவை உண்மை' என்று கீழே கையெழுத்தும் போட்டான். இது எல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் அக்காவுக்குத் தெரிந்தது.

மியூசியத்திலிருந்து மார்த்தா என்ற அம்மாள் தட்டுகளை வாங்கிப்போக இன்று நேரில் வருகிறாள். நேற்று சாயங்காலம், கடைசிச் சூட்டுக்கு முன்னால், சாமுண்டீஸ்வரி நாலு தட்டின் அடியிலும் தங்கத்தால் தன் பெயரை எழுதினாள். முழுப் பெயர். எழுதிவிட்டு வீட்டுக்குப் போனவளை அங்கேதான் விட்டிருந்தோம்.

*

பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடக்கிறவர்கள் இன்னும் முதல் சுற்றை முடிக்கவில்லை, சாமுண்டீஸ்வரி பஸ்ஸுக்கு நின்றுவிட்டாள். ஏழரைக்கெல்லாம் பட்டறையில் இருந்தாள்.

சூளை பார்க்கிற வீராசாமி அவளைக் கண்டதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, எதிரே இல்லாத குப்பையைப் பெருக்க ஆரம்பித்தார். பழைய கம்பெனியிலிருந்தே, இருபது வருஷமாக அவளைத் தெரிந்தவர். நாற்பத்து மூன்று வயதிலும் அவளைப் பாப்பா என்று கூப்பிடுகிற ஒரே மனுஷர்.

"ஆறிப்போச்சாண்ணே?"

"ஆறிடுச்சு பாப்பா. தொறந்து பாரு."

கதவைத் திறந்தாள். இன்னும் லேசாக வெதுவெதுப்பு இருந்தது. தட்டு நாலும் நல்லபடியாக வந்திருந்தன. நேற்று அழுக்குத் தண்ணீர் நிறத்தில் கிடந்த இதழெல்லாம் ரோஜாவாகியிருந்தன. ஓரத்துத் தங்கக் கோடு ஓர் இடத்தில்கூட அறுபடவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் இதைவிட நல்ல வேலை அவள் செய்ததில்லை. அது அவளுக்கே தெரிந்திருந்தது, அதனால் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு முதல் தட்டைத் திருப்பினாள்.

பெயர் இல்லை. பெயர் இருந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு தீற்றல்.

இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. எல்லாவற்றிலும் அதே ஊதா. கடைசித் தட்டில் மட்டும் 'ரி' என்ற எழுத்தின் வளைவு மிச்சம் இருந்தது.

இந்த ஊதாவைப் பற்றி ஒரு வார்த்தை. தங்கத் தண்ணி என்று பட்டறையில் சொல்கிற அந்தக் கரைசல், பாட்டிலில் இருக்கும்போது கருப்பட்டிப் பாகு மாதிரி இருக்கும். சூளைக்குள் போனால்தான் தங்கம். கை தவறிப் பட்டுவிட்டால் தின்னர் போட்டு இரண்டு முறை துடைக்க வேண்டும், தண்ணீரில் கழுவ வேண்டும், மறுபடி புதுத் துணியால் துடைக்க வேண்டும். வெறும் துணியால் துடைத்தால் கண்ணுக்குப் போய்விட்ட மாதிரிதான் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கிற மிச்சம் சூளையில் வெந்து ஊதாவாக வெளியே வரும். அப்படி வந்ததை அழிக்கவும் முடியாது. தட்டுக் கழுவ வருகிற பஞ்சவர்ணத்துக்குக்கூட இது அத்துப்படி.

"யாருண்ணே தொடச்சது?"

வீராசாமி விளக்குமாற்றை விடவில்லை. "தம்பி தான் பாப்பா. அடுக்கிக்கினு கீறேன், வந்துச்சு. 'குடுண்ணே ஒரு நிமிசம்'னு நாலையும் வாங்கி, தொடச்சிட்டு குட்த்துச்சு. மொதலாளி புள்ள. நான் இன்னான்னு கேக்கறது?"

"தின்னர் போட்டுத் தொடச்சானா?"

"காஞ்ச பனியன் துணி."

சாமுண்டீஸ்வரி சிரித்துவிட்டாள். சந்தோஷத்தில் வந்த சிரிப்பில்லை. பெயரைத் திருடியவன் திருட்டையாவது ஒழுங்காகச் செய்திருக்கக் கூடாதா? பதினேழு வருஷமாக இந்தப் பட்டறை சோற்றைத் தின்கிறவன், தங்கத்தை எப்படித் துடைப்பது என்றுகூடத் தெரிந்துகொள்ளவில்லை.

*

ஒன்பதரைக்கு அப்பாவும் மகனும் காரில் வந்து இறங்கினார்கள். லோகநாதன் வெள்ளைச் சட்டை. ராகேஷ் இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கையில் புது வாட்ச். அமெரிக்காவுக்கு இப்போதே கிளம்புகிற மாதிரி ஒரு சென்ட் வாசனை.

நாலு தட்டும் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தன.

"இன்னாக்கா இது?" என்றான் ராகேஷ். முகம் வெளுத்துவிட்டது.

"நீ தான் சொல்லணும். நீ எழுதுன தட்டு தானே?"

"அக்கா, சீன் போடாத. மேடம் பன்னெண்டு மணிக்கு வராங்க. இத எப்டி எடுக்கறதுன்னு மட்டும் சொல்லு. ஆசிட் போடலாமா?"

"போடு. பளபளப்பும் சேந்து போவும். அடி சொரசொரன்னு ஆயிடும். அமெரிக்காக்காரி கை வச்சி பாத்தா நல்லா இருக்கும்."

"நைனா, பாரு இதை!" என்று அப்பாவிடம் திரும்பினான். முப்பத்து நாலு வயது ஆண்பிள்ளை. ஆறு வயதில் எப்படி முறையிட்டானோ அப்படியே.

லோகநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். மகளைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துப் பேசினார். "பேர எழுதச் சொல்லி உன்ன யாரு கேட்டா?"

"என் பேர எழுத யார கேக்கணும் நைனா?"

"உன் பேரு இருந்தா இன்னா, அவன் பேரு இருந்தா இன்னா? எல்லாம் ஒரே ஊடு தானே. அவன் போனா ஆர்டர் வரும். நீ இங்க உக்காந்துகினு எழுது, அவன் அங்க உக்காந்துகினு வாங்கித் தருவான். இதுல உனக்கு இன்னா கொறஞ்சி பூட்ச்சு?"

"அவங்க கூப்ட்டது என்னிய."

"உன்ன எப்டிம்மா அனுப்பறது? தனியா. பாஷை தெரியாது. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பாக்கறது?"

"எனக்கு நாப்பத்தி மூணு வயசு நைனா."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் லோகநாதன். அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. அதுதான் இதில் பெரிய கொடுமை. மகளுக்கு ஒரு காலம் இருந்தது, அது நசரத்பேட்டையோடு முடிந்தது என்று அவர் நிஜமாகவே நம்புகிறார். அந்த நம்பிக்கையோடு அவர் தினமும் நிம்மதியாகத் தூங்குகிறார்.

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு ஸ்டிக்கர் சுருளை எடுத்து வந்தார். ஒரு பக்கம் சிங்கம், ஒரு பக்கம் கொம்பு முளைத்த குதிரை, நடுவில் கிரீடம், கீழே 'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில். கல்யாணப் பரிசு செட்டுகளின் அடியில் ஒட்டுவதற்காக அவரே அச்சடித்தது. இங்கிலாந்துச் சரக்கு என்று நினைத்தால் வாங்குகிறவன் கொஞ்சம் மரியாதையாகப் பிரிப்பான் என்பது அவர் கண்டுபிடிப்பு.

நாலு தட்டின் ஊதாக் கறையின்மேலும் ஒவ்வொன்று ஒட்டினார். கட்டை விரலால் நன்றாக அழுத்தினார். சரியாக மூடிக்கொண்டது.

"பாத்தியா? முடிஞ்சி போச்சு," என்றார்.

சாமுண்டீஸ்வரி உள்ளே நிறம் குழைக்கிற அறைக்குப் போனாள்.

*

பதினோரு மணிக்கு ராதிகா சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். ராகேஷின் மனைவி. ஆவடி டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், அப்பா ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரு மெட்ரிக் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தாள். இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கடிதம் வந்த மறு வாரமே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

நேராக நிற அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம் கேளுங்க. நான் அவருக்குப் பரிஞ்சு பேச வரல. அவர் செஞ்சது தப்பு. எனக்கே தெரியாம செஞ்சார்."

"தெரிஞ்சப்புறம் இன்னா பண்ண?"

ராதிகா தலையைக் குனிந்துகொண்டாள். "வேலைய விட்டேன். குழந்தைக்கு டிசி வாங்கினேன். குவார்ட்டர்ஸ்ல ஒரு வீடு பாக்கி இல்லாம அம்மா சொல்லிட்டாங்க. அண்ணி, அந்த ஃபார்ம நான் முழுசா படிச்சிருக்கேன். எழுதினவர் அவர் இல்லன்னு தெரிஞ்சா அழைப்பே ரத்து. அவருக்குப் பதிலா உங்களக் கூப்பிட மாட்டாங்க. அந்தப் பேரோட எல்லாமே முடிஞ்சிரும். நீங்க உண்மையச் சொன்னா உங்களுக்கும் கிடையாது, எங்களுக்கும் கிடையாது. சொல்லாம இருந்தா எங்களுக்காவது கிடைக்கும்."

சாமுண்டீஸ்வரி பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவா?"

"குழந்தை மேல சத்தியமா."

அது உண்மைதான். ராதிகா அப்போது பொய் சொல்லவில்லை.

"உங்க கைக்கு எங்க போனாலும் மதிப்புதான் அண்ணி," என்று ராதிகா கடைசியாகச் சொன்னாள். "இந்த ஒரு தடவை விட்டுக் கொடுங்க."

விட்டுக் கொடுப்பது சாமுண்டீஸ்வரிக்குப் புதிதா என்ன? படிப்பை விட்டாள், தம்பி படிக்கட்டும் என்று. நகையை விட்டாள், தம்பிக்குப் பெண் பார்க்கும்போது. முன்னறையை விட்டாள், தம்பிக்குக் குழந்தை பிறந்தபோது. யாரும் பிடுங்கியதில்லை, எல்லாரும் அன்பாகக் கேட்டே வாங்கினார்கள். ராதிகாவும் அன்பாகத்தான் கேட்கிறாள்.

"டீக்குப் பால் கீதா பாரு," என்றாள் சாமுண்டீஸ்வரி. "நான் இஞ்சி தட்றேன்."

சம்மதம் என்று ராதிகா எடுத்துக்கொண்டாள்.

*

மார்த்தா அறுபதைத் தாண்டிய, ஒல்லியான அம்மாள். பருத்திப் புடவைத் துணியில் தைத்த சட்டை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. எஸ்டேட் தூசியில் ஐந்து தடவை தும்மிவிட்டு, ஐந்து தடவையும் மன்னிப்புக் கேட்டாள். டீயை வாங்கிக் குடித்தாள். பிறகு கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு தட்டுகளிடம் வந்தாள்.

அடுத்த பத்து நிமிஷம் ஒவ்வொரு ரோஜாவாகக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

"நிறத்தை அப்பியபிறகு, ஈரம் காய்வதற்குள் வெறும் பிரஷ்ஷால் ஒற்றி எடுத்து வெளிச்சம் கொண்டுவந்திருக்கிறது," என்றாள் ஆங்கிலத்தில். "இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் இப்படித்தான் செய்தார்கள். படத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்தீர்களா, மிஸ்டர் ராகேஷ்?"

"யெஸ் மேடம். ஹார்ட் வொர்க்," என்றான் ராகேஷ்.

ராதிகா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாமுண்டீஸ்வரி டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு நின்றாள். மார்த்தாவின் கணக்கில் அவள் டீ கொண்டுவந்த அம்மாள்.

மார்த்தா தட்டைத் திருப்பினாள். ஸ்டிக்கரைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தாள்.

"நீங்களுமா? எங்கள் ஊர்க் கம்பெனிக்காரர்களும் இதே சிங்கத்தைத்தான் அடித்தார்கள். உள்ளூர்ச் சரக்கு என்றால் அமெரிக்கர்களே வாங்க மாட்டார்கள், அதனால் அடியில் இங்கிலாந்து முத்திரை. மேலே பூ எழுதியவள் நிஜமாகவே இங்கிலாந்துக்காரி. அவள் பெயரைப் போட மட்டும் அனுமதி இல்லை. கம்பெனிப் பேரேட்டில் 'ஒன்பதாம் நம்பர், இங்கிலீஷ்காரி' என்று இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

ராதிகா அதை மாமனாருக்குத் தமிழில் சொன்னாள். மார்த்தா பேசிக்கொண்டே ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். "எங்கள் தட்டில் இது வேண்டாம், எடுத்துவிடலாம்."

"மேடம், நோ, நோ..." என்று ராகேஷ் கையை நீட்டுவதற்குள் சிங்கம் பிரிந்து வந்துவிட்டது.

மார்த்தாவின் சிரிப்பு நின்றது. ஊதாக் கறையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். மற்ற மூன்றின் சிங்கத்தையும் பிரித்தாள். பிறகு அவசரமாகப் பையிலிருந்து போனை எடுத்து, ஒரு படத்தைத் தேடி மேஜைமேல் வைத்தாள். பழைய தட்டு ஒன்றின் அடிப்பக்கம். கறுப்பில் அடித்த சிங்கம், அதன் கீழே இதே ஊதாவில், இதே மாதிரி, ஒரு தீற்றல்.

"நாற்பது வருஷமாக இதைச் சூளையில் வந்த கோளாறு என்று எழுதி வைத்திருக்கிறோம்," என்றாள். "இது எப்படி வருகிறது?"

"சூளைக் கோளாறுதான் மேடம்," என்றான் ராகேஷ். "கரண்ட் பிராப்ளம்."

"நாலு தட்டிலும், ஒரே இடத்திலா?"

ராகேஷ் வாட்சைப் பார்த்தான். மார்த்தா சுற்றிலும் பார்த்தாள். டீ கொண்டுவந்த அம்மாள் கிளாஸ்களைக் கீழே வைத்துவிட்டுப் போனில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

"இவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள்," என்றாள் ராதிகாவிடம்.

ராதிகா தமிழில் கேட்டாள். "இத சூளைக் கோளாறுன்னு எழுதி வச்சிருக்காங்களாம். இது எப்படி வருதுன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறாங்க." அதே மூச்சில், குரலைத் தாழ்த்தி, "தெரியாதுன்னு சொல்லிருங்க அண்ணி."

"சொல்லும்மா," என்றார் லோகநாதன் மூலையிலிருந்து. "தெரியாதுன்னு சொல்லு."

சாமுண்டீஸ்வரிக்குப் படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அந்த இங்கிலீஷ்காரி யாரோ, அவள் முகம் கறுப்போ சிவப்போ, எதுவும் தெரியாது. ஆனால் அந்தத் தீற்றலை அவளுக்குத் தெரியும். இடமிருந்து வலமாக, காய்ந்த துணியால், அவசரமாக ஓர் இழுப்பு. கப்பலேறி அவ்வளவு தூரம் போயும் அவளுக்கு இதுதான் நடந்திருக்கிறது. நூற்று நாற்பது வருஷம் ஒருத்தர்கூட அதைப் பெயர் என்று பார்க்கவில்லை. கோளாறு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு என்னையும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று நினைத்தாள்.

உள்ளே போனாள். ஒரு கழித்துப்போட்ட சாஸரும், தங்கத் தண்ணி பாட்டிலும், மெல்லிய பிரஷ்ஷும் கொண்டுவந்தாள். நின்றபடியே எழுதினாள். கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஒவ்வோர் எழுத்தாகச் சாமுண்டீஸ்வரி என்று முழுசாக. மார்த்தாவிடம் காட்டினாள்.

மேஜைக் காலில் தொங்கிய பனியன் துணியை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தாள். சாஸர் வெள்ளையாகிவிட்டது. மறுபடி காட்டினாள்.

அப்புறம் கையை நீட்டிச் சூளையைக் காட்டினாள். அந்த விரலைக் கொண்டுவந்து தட்டின் ஊதாக் கறைமேல் வைத்தாள்.

"மை நேம்," என்றாள்.

விரலை எடுத்துப் போனில் இருந்த படத்தின்மேல் வைத்தாள்.

"ஹெர் நேம்."

மார்த்தா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்தபோது முகம் மாறியிருந்தது. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ராகேஷ் முன்னால் வைத்தாள்.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

"மேடம், ஷி ஈஸ் மை சிஸ்டர். இது ஃபேமிலி பிசினஸ். டீம் வொர்க்..."

"படிவத்தில் குடும்பம் என்று கேட்கவில்லை. கை என்று கேட்டிருந்தோம்," என்றாள் மார்த்தா. பேனாவை எடுத்துக் காகிதத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். "வருந்துகிறேன். இந்த அழைப்பு இத்தோடு முடிந்தது."

கோடு என்ன சொல்கிறது என்பது சாமுண்டீஸ்வரிக்கு மொழிபெயர்க்காமலே புரிந்தது. தெரிந்துதான் செய்தாள். இருந்தாலும் அந்தக் கோட்டைப் பார்க்கும்போது வலித்தது. ராகேஷின் பெயருக்குக் கீழே இருந்த இரண்டு வருஷமும் அவளுடையது.

ராகேஷ் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே போனான். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

லோகநாதன் வந்தார். அந்நிய மனுஷி நிற்கிறாள் என்ற கூச்சம்கூட அவருக்கு இல்லை. "இன்னாடி பண்ணி வச்சிருக்க? யாருக்கும் இல்லாம பண்ணிட்டியே! அந்தக் குழந்தைய நெனச்சிப் பாத்தியா? பெத்த பொண்ணா நீ?"

"எனக்கு எப்பவும் இல்ல நைனா," என்றாள் சாமுண்டீஸ்வரி. "இன்னிக்கு உங்களுக்கும் இல்ல. அவ்ளோ தான்."

"இன்னியோட இந்தப் பட்டறையில உன் கை படக் கூடாது. சொல்ட்டேன்."

"சரி நைனா," என்றாள். தங்கத் தண்ணி பாட்டிலின் மூடியை இறுக்கி மூடி அவர் முன்னால் வைத்தாள். பிறகு கை கழுவப் பின்பக்கத்துக் குழாய்க்குப் போனாள்.

*

மார்த்தா நாலு தட்டுகளையும் தானே துணி சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். டாக்சி வரை கூட வந்தது ராதிகா மட்டும்தான். முகம் வீங்கிப் போயிருந்தது.

டாக்சிக் கதவைத் திறந்தபின் மார்த்தா நின்றாள். பட்டறையைத் திரும்பிப் பார்த்துவிட்டு ராதிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ளே வைத்துச் சொன்னால் அவர் அப்பாவும் தம்பியும் நடக்கவிட மாட்டார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன். பழைய அழைப்பைத் திருத்த முடியாது. ஆனால் இந்த வருஷத்துக்கான பட்டியல் முப்பதாம் தேதிதான் மூடுகிறது. அதற்குள் அவர் தன் கையால், தன் பெயரில், எனக்கு ஒரு கடிதம் எழுதட்டும். தமிழில் எழுதினாலும் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்." ஒரு கார்டை எடுத்து, பின்பக்கம் ஒரு விலாசம் எழுதி நீட்டினாள். "உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்களும் ஒரு பெண். அவர் தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். செய்வீர்களா?"

"நிச்சயமாக," என்றாள் ராதிகா நல்ல ஆங்கிலத்தில்.

டாக்சி சந்து திரும்பி மறைந்தது. தேதி இருபத்திரண்டு. ராதிகா கார்டை முன்னும் பின்னும் படித்தாள். படித்துவிட்டு, குழந்தையின் டிசி இருந்த அதே பைக்குள், உள் ஜிப்பைத் திறந்து வைத்து மூடினாள்.

திரும்பியபோது வாசலில் சாமுண்டீஸ்வரி நின்றிருந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போய்ட்டாங்களா? கார்கிட்ட நின்னு ஏதோ சொல்லிக்கினு இருந்தாங்களே. இன்னாவாம்?"

"ஒண்ணும் இல்ல அண்ணி," என்றாள் ராதிகா. "டீ நல்லா இருந்துச்சாம்."

காலையிலிருந்து முதல் தடவையாக சாமுண்டீஸ்வரியின் முகம் மலர்ந்தது.

"இஞ்சி தட்டிப் போட்டேன் இல்ல," என்றாள்.